கண்காணிக்கும் பொம்மையும் கேள்வி கேட்கும் குழந்தையும்

குழந்தையை மகிழ்விப்பதற்காகப் பெற்றோர் ஒரு புனைவைச் சொல்லலாமா? சொல்லின், அதனை எந்த வயது வரை கொண்டு செல்லலாம்? அப்புனைவையே குழந்தையை அடக்கும் கோலாகவும் பயன்படுத்துவது முறையா? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதம் பிறக்கும்போது இவ்வினாக்கள் பெற்றோரிடையே எழுகின்றன. கிறிஸ்துமஸ் பண்டிகையை ஒட்டிக் குழந்தைகளுக்கென அண்மைக் காலத்தில் பரவிய சில பழக்கங்களே இதற்குக் காரணம்.

அப்பண்டிகை நம்முடையதன்று. பிறர் விழாவைக் குறை கூறுவதும் நம் நோக்கமன்று. ஆயினும் வினா எல்லா இல்லங்களுக்கும் உரியது. நம் குடும்பங்களில் பிறந்தோர் சிலர் அந்நாடுகளில் வாழ்ந்து, தம் குழந்தைகளை அங்குள்ள பள்ளிகளுக்கு அனுப்பி வருகின்றனர். வாய்மையை இல்லறத்தாரின் அணுவிரதங்களுள் ஒன்றாகக் கொண்ட நமக்கு, குழந்தையிடம் பேசும் சொல்லும் ஆராய்ச்சிக்கு உரியதே. ஆகவே இரு தரப்புப் பெற்றோர் கூறுவனவற்றையும் நடுநிலையோடு கேட்டு, குழந்தைக் கல்வி நோக்கில் ஆராய்வோம்.

பழக்கத்தின் வரலாறு

கிறிஸ்துமஸ் தாத்தாவின் கதைக்கு மூலமானவர் நிக்கலஸ் என்னும் கிறிஸ்தவ ஆயர். இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மைரா என்னும் ஊரில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகப் போற்றப்படுகிறார். அவருடைய திருநாள் டிசம்பர் 6. நெதர்லாந்து முதலிய நாடுகளில் அத்திருநாளை ஒட்டிச் சிறுவர் தம் காலணிகளை வைத்துப் பரிசு பெறும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1823-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிராய் நகரச் செய்தித்தாள் ஒன்றில் வெளிவந்த கவிதை, கலைமான்கள் இழுக்கும் வண்டியில் வந்து புகைபோக்கி வழியே இறங்கும் தாத்தாவின் உருவத்தை நாடெங்கும் பரப்பிற்று. 1934-இல் வெளிவந்த ஒரு பாடல், குழந்தைகள் நல்லவராக நடக்கின்றனரா என்று அவர் எந்நேரமும் அறிந்துகொண்டிருக்கிறார் என்னும் கருத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

பண்டிகையைப் பற்றிய கருத்து வேறுபாடும் புதிதன்று. மாசசூசெட்ஸ் குடியேற்றப் பகுதியை ஆண்ட பியூரிட்டன் பிரிவினர், கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் வேதநூலில் விதிக்கப்படாதது என்று கருதி, கொண்டாடுவோருக்கு 5 ஷில்லிங் தண்டம் என 1659-இல் சட்டம் இயற்றினர். 1681-இல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது. கிறிஸ்தவருள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருந்தமையை நோக்கின், இன்றைய பெற்றோர் வழக்கிடுவதில் வியப்பில்லை.

இன்று பெரிதும் பேசப்படும் பழக்கம் 2005-ஆம் ஆண்டில் தோன்றியது. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த கேரல் ஏபர்சோல்ட் என்னும் அன்னையாரும் அவர் மகள் சாண்டா பெல்லும் எழுதிய 'தி எல்ஃப் ஆன் தி ஷெல்ஃப்' என்னும் சிறுவர் நூல் அவ்வாண்டில் வெளிவந்தது. எல்ஃப் என்பது கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஏவல் செய்வதாகக் கதைகளில் வரும் குட்டி உருவம். நூலோடு சிவப்பு உடையணிந்த ஒரு சிறு எல்ஃப் பொம்மையும் விற்கப்படுகிறது. பொம்மைக்குக் குழந்தை ஒரு பெயர் சூட்ட வேண்டும். பகல் முழுவதும் அது அலமாரி மேலிருந்து குழந்தையின் நடத்தையைப் பார்த்திருக்கும். இரவில் வடதுருவத்திற்குப் பறந்து சென்று தாத்தாவிடம் அறிக்கை கூறும். விடிவதற்குள் திரும்பி வேறோர் இடத்தில் அமர்ந்துகொள்ளும். குழந்தை அதனைத் தொடலாகாது. தொட்டால் அதன் மாயசக்தி போய்விடும். இவையே கதையின் விதிகள். இரவில் பொம்மையை இடம் மாற்றும் வேலை பெற்றோருடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2012-இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற மேசிஸ் நன்றிகூறல் நாள் ஊர்வலத்தில் இப்பொம்மையின் மாபெரும் பலூன் உலா வந்தது. பின்னர் பள்ளி வகுப்பறைகளிலும் இப்பொம்மை இடம்பெறலாயிற்று. பிரிட்டனில் இதனோடு வேறொரு பழக்கமும் பரவியுள்ளது. டிசம்பர் 24 மாலையில், மறுநாட் பரிசுகளுக்கு முன்பே, புதிய இரவு உடை, கதைப் புத்தகம், இனிப்பு முதலியவற்றை ஒரு பெட்டியில் வைத்துக் குழந்தைக்கு அளிப்பதே அது. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்வரை பெரும்பாலோர் அறியாதிருந்த இவ்வழக்கம், இன்று கடைகளில் பெயர் பொறித்த பெட்டிகளாக விற்கப்படுகிறது.

ஆதரிப்போர் கூறுவன

இப்பழக்கங்களை விரும்பும் பெற்றோர் மூன்று காரணங்களைக் கூறுகின்றனர். முதலாவது, மகிழ்ச்சி. காலையில் கண் விழித்தவுடன், இன்று எல்ஃப் எங்கே அமர்ந்திருக்கிறது என்று குழந்தைகள் ஓடித் தேடும் அழகு வேறெதிலும் கிட்டாது என்பர். இரண்டாவது, கற்பனை வளர்ச்சி. குழந்தைப் பருவம் கதைகளின் பருவம். பறக்கும் மான்களையும் பேசும் விலங்குகளையும் நம்பி மகிழ்வது அவ்வயதுக்கு இயல்பு. அதனைப் பொய் என்று பெயரிட்டுப் பறிப்பது கொடுமை என்பர். மூன்றாவது, குடும்பத்தின் நினைவுகள். தம் பெற்றோர் தமக்குச் செய்ததைத் தாம் தம் மக்களுக்குச் செய்வதில் ஒரு தொடர்ச்சி உண்டு என்பர்.

இவற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. நிலவைக் காட்டிச் சோறூட்டிய நம் அன்னையரும் நிலவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று சொன்னவர்களே. அதனால் எந்தக் குழந்தையும் கெட்டதில்லை.

மறுப்போர் கூறுவன

மறுக்கும் பெற்றோர் ஒரே அணியினர் அல்லர். சமயப் பற்றுடைய கிறிஸ்தவப் பெற்றோர் சிலர், இயேசுவின் பிறப்பைச் சிந்திக்க வேண்டிய நாள்களில் பொம்மையும் பெட்டியும் குழந்தையின் கருத்து முழுவதையும் கவர்ந்துகொள்கின்றன என்று வருந்துகின்றனர். வேறு சிலர், தாம் ஒருபோதும் குழந்தையிடம் பொய்யுரைப்பதில்லை என்னும் உறுதியுடையோர். ஒரு மாதம் முழுவதும் சான்றுகளைப் புனைந்து குழந்தையை நம்பவைப்பது கதை சொல்வதினின்றும் வேறானது என்பர்.

மூன்றாம் வகையினர் செலவையும் ஒப்பீட்டையும் நினைப்போர். தாத்தா நல்ல குழந்தைகளுக்கே பரிசு தருகிறார் என்று சொல்லிவிட்டால், செல்வர் வீட்டுக் குழந்தைக்கு விலையுயர்ந்த மிதிவண்டியும் ஏழை வீட்டுக் குழந்தைக்கு ஒரு சிறு பந்தும் கிடைக்கும்போது, அவ்வேழைக் குழந்தை தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வரும்? இதனால், பெரிய பரிசைப் பெற்றோர் பெயரிலும் சிறிய பரிசைத் தாத்தா பெயரிலும் கொடுக்குமாறு பெற்றோர் ஒருவருக்கொருவர் அறிவுறுத்திக்கொள்கின்றனர். இது பாராட்டத்தக்க எண்ணம்.

நான்காம் வகையினர் களைத்த பெற்றோர். பொம்மையை இடம் மாற்றுவதோடு நிற்காமல், அது மாவைக் கொட்டியதாகவும் குறும்பு செய்ததாகவும் இரவுதோறும் காட்சி அமைத்து, படமெடுத்துச் சமூக ஊடகங்களில் வெளியிடும் போட்டி வளர்ந்துவிட்டது. பகலெல்லாம் பணி செய்து திரும்பும் தாய்மாருக்கு இது மேலும் ஒரு சுமை. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் காப் மாவட்ட நீதிபதி ஒருவர், இப்பொம்மைகள் தம் மாவட்டத்தினின்றும் வெளியேற்றப்படுகின்றன என்று வேடிக்கையாக ஓர் ஆணை எழுதி வெளியிட்டார். களைத்த பெற்றோருக்குத் தாம் அளிக்கும் பரிசு அது என்றும் குறிப்பிட்டார். விரும்புவோர் பழக்கத்தைத் தொடரலாம். விடுபட விரும்புவோர் ஆணையைக் காட்டிக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள். நகைப்புக்குரியதே எனினும், விட வேண்டும் என்று விரும்பியும் விடமுடியாத நிலைக்குப் பெற்றோர் ஆளாகியிருந்தனர் என்பதை அது நமக்கு உணர்த்துகிறது.

ஆய்வாளர் கண்டவை

புனைவு குழந்தையைப் புண்படுத்துமா என்பதற்கு 1994-இல் வெளிவந்த ஆண்டர்சன், பிரெண்டிஸ் ஆகியோரின் ஆய்வு ஒரு விடை தருகிறது. தாத்தாவின் கதையை நம்புவதை விட்டுவிட்ட 52 குழந்தைகளையும் அவர்தம் பெற்றோரையும் அவர்கள் வினவினர். பெரும்பாலான குழந்தைகள் ஏழு வயதளவில் தாமாகவே உண்மையைக் கண்டறிந்திருந்தனர். அவ்வறிவு அவர்களுக்குப் பெரிதும் மகிழ்ச்சியே தந்திருந்தது. வருத்தம் மிகுதியாக இருந்தது பெற்றோரிடத்தில்தான். குழந்தை வளர்ந்துவிட்டதே என்னும் ஏக்கம் அது. புனைவைப் பற்றி விடாதிருப்பவர் பல சமயம் குழந்தை அல்லர், பெற்றோரே என்று இதனால் அறிகிறோம்.

2016-இல் பாயில், மெக்கே என்னும் இரு உளவியலார், லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் உளநல இதழில் வேறொரு கருத்தை எழுதினர். இவ்வளவு காலம் பெற்றோர் இதனை மறைத்தனர் என்றறியும் குழந்தை, அவர்கள் கூறிய பிறவும் உண்மையா என்று ஐயுறலாம் என்பது அவர்கள் வாதம். அது சோதனை முடிவன்று; கருத்துரையே. ஆயினும் சிந்தனைக்குரியது.

2014-இல் ஹேஸ், கார்வர் என்னும் கலிபோர்னிய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட சோதனை இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அது கிறிஸ்துமஸ் கதையைப் பற்றியதன்று. பெரியோரின் பொய்யும் சிறுவரின் வாய்மையும் பற்றியது. 3 முதல் 7 வயது வரையுள்ள 186 குழந்தைகள் அதில் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பகுதியினரிடம் அடுத்த அறையில் நிறைய மிட்டாய் இருக்கிறது என்று சொல்லி அழைத்துச் சென்று, பின், விளையாட வரச்செய்யவே அவ்வாறு பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டனர். அதன்பின் ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அறையை விட்டகன்றனர். 5 முதல் 7 வயதினருள், பொய் கேளாதோரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் திரும்பிப் பார்த்தனர். பொய் கேட்டோரிலோ அது 80 விழுக்காட்டை நெருங்கிற்று. பார்த்ததை மறைத்துப் பொய்யுரைத்தோரும் பொய் கேட்ட பிரிவிலேயே மிகுதி. 3, 4 வயதினரிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை.

இரண்டையும் இணைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. மகிழ்ச்சிக்காகச் சொல்லப்பட்ட கதையினின்றும் குழந்தை இயல்பாக வெளிவந்துவிடுகிறது. தன்னை ஒரு செயலுக்கு இணங்கச் செய்யவே பொய் சொல்லப்பட்டது என்றறியும்போது, பொய்யை ஒரு கருவியாகக் கொள்ள அதுவும் கற்றுக்கொள்கிறது.

சட்டாம்பிள்ளையின் ஆட்சி

எல்ஃப் பொம்மையைப் பற்றிய கருத்து வேறுபாட்டின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. அது கதையாக மட்டும் இல்லை, காவலாகவும் இருக்கிறது. தாத்தா நடத்தையை அறிவார் என்னும் எண்ணம் பழையதே. ஜெர்மானிய நாடுகளில் நிக்கலஸுடன் வந்து தீய சிறுவரை அச்சுறுத்தும் உருவங்களும் பழையனவே. ஆண்டுக்கொருமுறை வந்த அவ்வச்சம் இன்று ஒரு மாத காலம் வீட்டுக்குள் அமர்ந்திருக்கிறது என்பதே புதுமை. 2014-இல் லாரா பிண்டோ என்னும் கனடா நாட்டுப் பேராசிரியர், செலினா நெமோரின் என்பாருடன் எழுதிய கட்டுரையில், எந்நேரமும் பிறரால் கண்காணிக்கப்படுதல் இயல்பானதே என்று ஏற்கும் மனப்பான்மையை இப்பொம்மை சிறுவரிடம் வளர்க்கிறது என்று எச்சரித்தார். பலர் அதனை மிகை என்று நகைத்தனர். நாம் நகைக்கவில்லை, ஏனெனில் நம் வகுப்பறைகளில் இதனைக் கண்டிருக்கிறோம்.

ஆசிரியர் வெளியே செல்லும்போது, பேசுவோர் பெயரைக் கரும்பலகையில் எழுதுமாறு சட்டாம்பிள்ளையிடம் சொல்லிச் செல்வது நம் பள்ளிகளில் பழகிய முறை. வகுப்பு அமைதியாகவே இருக்கும். அவ்வமைதி எத்தகையது? சட்டாம்பிள்ளை தலை குனிந்தால் பேச்சு எழும், நிமிர்ந்தால் அடங்கும். அவனுக்குப் பென்சிலும் கடலைமிட்டாயும் கொடுத்துத் தம் பெயரை அழிக்கச் செய்யும் கலையையும் மாணவர் கற்பர். பாடத்தில் ஈடுபாடு கொண்ட வகுப்போ, காவலின்றியே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். முன்னதை அடக்கம் என்றும் பின்னதை ஒழுக்கம் என்றும் பயிற்சி ஆசிரியர்களுக்கு நாம் வேறுபடுத்திக் காட்டுவதுண்டு. எல்ஃப் பொம்மை அலமாரி மேல் ஏறிய சட்டாம்பிள்ளை. டிசம்பர் 25 அன்று அது மறைந்துவிடும். மறுநாள் முதல் குழந்தை யாருக்காக நல்லதாக நடக்கும்?

பரிசினால் விளையும் தீங்கையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் வெளியிட்ட சோதனையில், படம் வரைவதில் விருப்பமுள்ள 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் மூன்று பிரிவாக்கப்பட்டனர். வரைந்தால் பாராட்டுப் பத்திரம் உண்டு என்று ஒரு பிரிவிடம் முன்கூட்டியே கூறினர். மற்றொரு பிரிவிற்கு எதிர்பாராமல் பத்திரம் அளித்தனர். மூன்றாம் பிரிவிற்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்துப் பரிசின்றி வரைய விட்டபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்டவர் மற்றவரைப் போல் பாதி நேரமே வரைந்தனர். விருப்பத்தால் நிகழ்ந்தது வாணிபமாயிற்று. நற்செயலுக்கும் இதுவே நேரலாம். தங்கைக்குப் பொம்மையை விட்டுக்கொடுத்த குழந்தை, அவள் முகத்தில் மலரும் மகிழ்ச்சியைப் பார்க்காமல், அலமாரியை நிமிர்ந்து பார்த்தால் அங்கே ஏதோ ஒன்று இழக்கப்பட்டுவிட்டது.

கேள்வி வரும் நாள்

எந்தப் புனைவிற்கும் ஒரு நாள் முடிவு வரும். 1897-இல் வர்ஜீனியா என்னும் எட்டு வயதுச் சிறுமி, தாத்தா உண்மையில் இருக்கிறாரா என்று நியூயார்க் செய்தித்தாள் ஒன்றுக்கு எழுதிக் கேட்டாள். தோழியர் இல்லை என்றனர். தந்தையோ அச்செய்தித்தாள் சொன்னால் உண்மைதான் என்றார். ஆம் என்று அத்தாள் எழுதிய தலையங்கம் உலகப் புகழ் பெற்றது. அச்சிறுமி வளர்ந்து நியூயார்க்கில் ஆசிரியையாகப் பணியாற்றினார் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி. எனினும், தலையங்கத்தைப் பாராட்டுவோர் அச்சிறுமியின் கேள்வியை மறந்துவிடுகின்றனர். அவள் கதை கேட்கவில்லை, உண்மையைக் கேட்டாள்.

குழந்தையின் கேள்வி இரு வகைப்படும். விளையாட்டைத் தொடரக் கேட்பது ஒன்று. உண்மையை அறியக் கேட்பது மற்றொன்று. "அம்மா, தாத்தா எப்படி அம்மா ஒரே இரவில் எல்லார் வீட்டுக்கும் போவார்?" என்பது பெரும்பாலும் முதல் வகை. "நீ என்ன நினைக்கிறாய், கண்ணே?" என்று திருப்பிக் கேட்டால் குழந்தையே விடை புனைந்து மகிழும். "அம்மா, உண்மையைச் சொல்லுங்கள், அந்தப் பரிசை வைத்தது நீங்கள்தானே?" என்று கண்ணைப் பார்த்துக் கேட்பது இரண்டாம் வகை. அப்போது மீண்டும் சான்று புனைவது தகாது. "ஆம் கண்ணே, நாங்கள்தாம். உன் மகிழ்ச்சியைக் காணவே செய்தோம். இனி நீயும் எங்களோடு சேர்ந்து தம்பிக்குச் செய்" என்று கூறி, பெறுபவனாக இருந்த குழந்தையைக் கொடுப்பவனாக உயர்த்தும் பெற்றோர் மேனாடுகளில் பலர் உளர். அதுவே சிறந்த முடிவு.

திருக்குறளின் வாய்மை அதிகாரம், சொல்லின் விளைவையும் கொண்டு வாய்மையை அளக்கக் கற்பிக்கிறது. அவ்வளவுகோலின்படி, கதை சொல்லும் பெற்றோர் குற்றவாளியாகார். ஆனால் அக்கதையால் குழந்தைக்குத் தீங்கு நேரவில்லை என்று காட்டும் பொறுப்பு அவருக்கு உண்டு. ஆகவே நாம் கொள்ளும் முடிவு இது: கதை இருக்கலாம், காவல் வேண்டா. விளையாட்டு இருக்கலாம்; மிரட்டல் வேண்டா. மெய்யாகக் கேட்ட கேள்விக்கு மெய்யான விடை வேண்டும். இம்மூன்றும் காக்கப்படின் எல்ஃப் பொம்மையும் குற்றமற்றதாகலாம். அறிக்கை கூறும் பகுதியை நீக்கிவிட்டு, தேடி மகிழும் விளையாட்டை மட்டும் வைத்துக்கொண்ட வீடுகளும், நாளொரு நற்செயலைச் சொல்லித்தரும் தூதனாக அதனை மாற்றிக்கொண்ட வீடுகளும் அங்கே உண்டு.

அயல்நாட்டில் வாழும் நம்மவர்க்கு

வகுப்பறையில் இப்பொம்மையைக் கண்டுவரும் குழந்தையிடம், "அதெல்லாம் பொய்" என்று வெடுக்கென உரைப்பதும் தவறு; நாமும் பின்தங்கலாகாது என்று ஒன்று வாங்கி வைப்பதும் தேவையற்றது. "அது அவர்கள் வீட்டில் விளையாடும் ஓர் அழகான விளையாட்டு. நம் வீட்டில் நாம் வேறு விழாக்களைக் கொண்டாடுகிறோம். உன் தோழி அதனை நம்பி மகிழ்கிறாள், அவளுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அவள் அப்பா அம்மா" என்று கூறலாம். இங்கே பொய் ஒன்றும் இல்லை. பிறர் மகிழ்ச்சியைக் கெடுத்தலும் இல்லை. உண்மையை அறிந்தும் பிறர் மனம் நோகாமல் அடங்கியிருக்கப் பழகுதல் ஏழு வயதுக் குழந்தைக்கு ஒரு நல்ல பயிற்சி.

குடும்பத்தில் கலந்து சிந்திக்க

1. "சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி பிடித்துக்கொள்வான்" என்று நாம் சொல்வதற்கும் எல்ஃப் பொம்மைக்கும் வேறுபாடு என்ன?

2. நம் குழந்தை யாரும் பாராதபோது செய்த நற்செயல் ஒன்றை அண்மையில் கண்டோமா? கண்டு என்ன சொன்னோம்?

3. குழந்தையை இணங்கச் செய்வதற்காக இவ்வாரம் நாம் கூறிய பொய் எது? அதனைக் கூறாமலே அச்செயலைச் செய்வித்திருக்க இயலுமா?

4. தாத்தாவும் பாட்டியும் சொல்லும் கதைகளுள் எவற்றைக் குழந்தை கதையென்றே அறிந்து மகிழ்கிறது?

5. பரிசு தருவதாக முன்பே பேசி ஒரு பழக்கத்தைக் கற்பித்தோமாயின், பரிசு நின்றபின் அப்பழக்கம் நிலைத்ததா?

இவ்வினாக்களுக்குப் பெரியோர் விடை கூறும்போது குழந்தைகளும் உடனிருப்பது நலம். அவர்கள் விடை நம் விடையினின்றும் வேறுபடுமாயின், அதனைப் பொறுமையோடு கேட்பதே இப்பாடத்தின் முதற்பயிற்சி.